உடைந்த லென்ஸின் அளவு

என் வீட்டில் ஒரு திருட்டுப் பொருள் இருக்கிறது. ஒளித்து வைக்கவில்லை. மேற்கு மாம்பலத்தில், ரயில் சத்தம் கேட்கிற தூரத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக் கூடத்தில், புத்தக அலமாரியின் நடுத்தட்டில், வருகிறவர் போகிறவர் கண்ணில் படும்படி வைத்திருக்கிறேன். காலண்டர் தாளில் அட்டை போட்ட நீள நோட்டு. அட்டையில் ஒரு முருகன் படம்; மடித்து ஒட்டியதில் வேலின் முனை நோட்டின் முதுகுப் பக்கம் போய்விட்டது. முதல் பக்கத்தில், அடையாறில் நான் ஏழு வருஷம் இயற்பியல் சொல்லிக் கொடுத்த பள்ளிக்கூடத்தின் ரப்பர் முத்திரை ஊதா மையில் இன்னும் பளிச்சென்று தெரிகிறது. அது பள்ளிக்கூடத்துச் சொத்து என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டாம். திருப்பித் தருகிற உத்தேசம் எனக்கு இல்லை. யாராவது கேட்டு வந்தால் என்ன பதில் சொல்வது என்றுகூட யோசித்து வைத்திருக்கிறேன்.

பிள்ளையை வீட்டிலேயே படிக்க வைக்கலாமா என்று யோசிக்கிறவர்கள், யாரோ யாரிடமோ சொல்லி, சனிக்கிழமைகளில் என்னைத் தேடி வருகிறார்கள். எல்லோருக்கும் ஒரே கேள்விதான். "மத்ததெல்லாம் சமாளிச்சிடுவோம் மேடம். ஒன்பதாவது, பத்தாவதுக்கு இந்த சயின்ஸ்தான்…" என்று இழுப்பார்கள். வெளிநாட்டு வாரியமா, திறந்தநிலைப் பள்ளித் தேர்வா, பெட்டியில் வருகிற பாடமா என்று கட்டம் போட்டு ஒப்பிட்ட தாளை நீட்டுவார்கள். நான் அந்தத் தாளை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, எங்கள் பள்ளியின் லேப் அண்ணனைப் பற்றிச் சொல்ல ஆரம்பிப்பேன். பாடத்திட்டம் கேட்டு வந்தால் இந்த அம்மாள் யாரோ சோதனைச்சாலை ஊழியரைப் பற்றிப் பேசுகிறாளே என்று சிலர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள். பார்க்கட்டும். என் மகளுக்கு நான் சயின்ஸ் பாடம் தேர்ந்தெடுத்த கதையை அவரை விட்டுவிட்டுச் சொல்ல எனக்குத் தெரியாது.

லேப் அண்ணன் மயிலாப்பூர்க்காரர். என்னைவிட ஏழெட்டு வயது பெரியவர். காக்கி பேண்ட், அமிலம் தெறித்துச் சல்லடையான வெள்ளை அரைக்கைச் சட்டை. சட்டைப் பையில் எப்போதும் ஒரு நூல்கண்டும் இரண்டு டார்ச் பல்பும் இருக்கும். படிப்பைப் பற்றிக் கேட்டால் கூச்சமே இல்லாமல் சொல்வார்: "பிளஸ் டூ ஃபெயிலு மேடம். ஆனா பிராக்டிகல்ல ஃபுல் மார்க்கு. அத்த யாரும் கேக்க மாட்றாங்கோ." ஒவ்வொரு நாள் காலையிலும் அவர் லேப்பைத் திறந்து, எந்த வகுப்புக்கு எந்தச் சோதனையோ அதற்கான சாமான்களை மேஜை மேஜையாக எடுத்து வைப்பார். ஊசலுக்கு நூல் கட்டுவார், லென்ஸுகளைத் துணியால் துடைத்து ஸ்டாண்டில் நிறுத்துவார், மின்கலங்களை ஒவ்வொன்றாகப் பல்பில் வைத்துப் பார்ப்பார். பிறகு பிள்ளைகளுக்காகக் காத்திருப்பார். பிள்ளைகள் வரமாட்டார்கள்.

ஏன் வரமாட்டார்கள் என்றால், லேப் பீரியடை நாங்கள் பரீட்சைக்குத் தின்றுகொண்டிருந்தோம். நானும்தான், மற்றவர்கள்மேல் மட்டும் பழியைப் போட மாட்டேன். ஒரு பாடவேளை கிடைத்தால் ஸ்லிப் டெஸ்ட் வைக்கலாம், ஒரு மார்க் கேள்விகளைத் திருப்பலாம். சோதனை செய்து என்ன ஆகப் போகிறது? அதற்குத்தான் இந்த நீள நோட்டு இருந்தது. 'மாடல் ரீடிங்' என்று அதற்குப் பெயர். ஒவ்வொரு சோதனைக்கும் என்ன அளவு வர வேண்டுமோ அது அட்டவணையோடு, சராசரியோடு, விடையோடு, யாரோ ஒரு பழைய ஆசிரியரின் முத்து முத்தான கையெழுத்தில் இருந்தது. வகுப்புத் தலைவி வந்து நோட்டை வாங்கிப் போவாள், நாற்பது பேரும் ரெக்கார்டில் எழுதிக்கொள்வார்கள், நாங்கள் சிவப்பு மையில் கையெழுத்துப் போடுவோம். வலது பக்கம் எழுத்து, இடது பக்கம் பென்சில் படம், கடைசியில் முடிவு. சோதனையே நடக்காத சோதனைக்கு அவ்வளவு அழகான முடிவு! இந்த ஊரில் படித்தவர்களுக்கு இது புதுச் செய்தி இல்லை என்பது எனக்குத் தெரியும்.

ஒருநாள் ஆளில்லாத லேப்பில் அவர் மட்டும் ஊசலை ஆட்டிவிட்டு நின்றுகொண்டிருந்ததைப் பார்த்தேன். "யாரும் வரலையேண்ணே, எதுக்கு இதெல்லாம் எடுத்து வைக்கிறீங்க?" என்று கேட்டேன். "வராட்டி இன்னா மேடம்? குண்டு அதும்பாட்டுக்கு ஆடிக்கினுதானே கீது" என்றார். நான் சிரித்துவிட்டு ஸ்டாஃப் ரூமுக்குப் போனேன். அன்றைக்கு அதில் யோசிக்க ஏதாவது இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

என் மகள் அதே பள்ளியில் ஒன்பதாவது படித்தாள். டீச்சர் பெண் என்பதால் சாயங்காலம் நான் கிளம்பும்வரை அவள் எங்காவது உட்கார்ந்திருக்க வேண்டும். அவள் லேப்பில் உட்கார்ந்தாள். ரெக்கார்டில் குவிலென்ஸின் குவியத் தூரம் எழுத வேண்டிய வாரம் அது. மற்றவர்கள் நோட்டைப் பார்த்து இருபது சென்டிமீட்டர் என்று எழுதிவிட்டுப் போய்விட்டார்கள். சும்மா இருக்கிற நேரத்தில் செய்துதான் பார்ப்போமே என்று இவள் லென்ஸை ஜன்னலுக்கு நேராகப் பிடித்து, வெளியே இருந்த மரம் சுவரில் தலைகீழாக விழும்வரை முன்னும் பின்னும் நகர்த்தி, ஸ்கேல் வைத்து அளந்திருக்கிறாள். பதினைந்துக்குக் கொஞ்சம் குறைவாக வந்தது. மறுபடி அளந்தாள், அதேதான். என்னிடம் ஓடிவந்தாள். நான் விடைத்தாள் கட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். "நீ சரியா பிடிச்சிருக்க மாட்டே. இருபதுன்னு எழுதுடி" என்றேன்.

பின்னாலேயே வந்து நின்ற லேப் அண்ணன் தொண்டையைச் செருமினார். "இல்ல மேடம். பாப்பா சொல்றதுதான் கரீட்டு. நோட்டுல கீற லென்ஸு ஒடஞ்சி ஆறு வருசம் ஆச்சு. நான்தான் பெருக்கி அள்ளுனேன். இது அப்பால வாங்குனது."

ஆறு வருஷம்! ஆறு வருஷமாக, வருஷத்துக்கு நான்கு பிரிவு, எங்கள் பள்ளிப் பிள்ளைகள் குப்பைக்குப் போய்விட்ட ஒரு லென்ஸை அளந்து, அட்டவணை போட்டு, சராசரி எடுத்து எழுதியிருக்கிறார்கள். அத்தனையிலும் கையெழுத்து, அதில் பெரும்பாலும் என் கையெழுத்து. எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அந்தச் சுருக்கை அவர்கள் இருவருக்கும் காட்டிக்கொள்ளாமல், "சரி சரி, இப்போதைக்கு இருபதுன்னே இருக்கட்டும், எல்லார் ரெக்கார்டிலும் அதுதான் இருக்கு" என்று சொன்னேன். என் வாயால் சொன்னேன். இதை எழுதும்போதுகூட எனக்கு என்மேல் பற்றிக்கொண்டு வருகிறது.

அவள் இருபது என்று எழுதவில்லை. தான் அளந்ததை எழுதி, கீழே ஒரு வரியும் சேர்த்துவிட்டாள்: 'இருபது என்பது உடைந்த லென்ஸின் அளவு.' அந்த வாரம் ரெக்கார்டுகள் ஆய்வுக்காகப் பிரின்சிபால் அறைக்குப் போயின. மறுநாள் என்னையும் அவளையும் கூப்பிட்டார்கள், லேப் அண்ணனையும். பிரின்சிபால் மேடம் சத்தம் போடுகிறவர் இல்லை; குரலைத் தாழ்த்தித்தான் மிரட்டுவார். "இது இன்ஸ்பெக்‌ஷனுக்குப் போற ரெக்கார்டு. டீச்சர் பொண்ணே இப்படி எழுதினா மத்த பேரண்ட்ஸ் என்ன நினைப்பாங்க? முழு ரெக்கார்டையும் புதுசா எழுதிக் கொண்டு வரட்டும்" என்றார். பிறகு, "லென்ஸ் உடைஞ்சதுன்னு இவளுக்கு யார் சொன்னது?" என்று கேட்டார். நான் தரையைப் பார்த்தேன். நோட்டுக்குப் பொறுப்பு நான். சொல்ல வேண்டியவளும் நான்தான். ஏழு வருஷ வேலை, வீட்டுக்கடன், அடுத்த வருஷம் வரப்போகிற பதவி உயர்வு எல்லாம் சேர்ந்து என் வாயை அடைத்துவிட்டன. "நான்தான் மேடம் சொன்னேன்" என்றார் லேப் அண்ணன். அடுத்த திங்கட்கிழமை அவரை கேட்டில் உட்கார வைத்துவிட்டார்கள். வேன் நம்பரைக் குறித்துக்கொள்கிற வேலை.

அன்று சாயங்காலம் புது ரெக்கார்டு நோட்டு ஒன்றை மகள் முன்னால் வைத்தேன். அவள் அழவில்லை, அடம் பிடிக்கவும் இல்லை. பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, "நீ சொல்லும்மா, நான் எழுதறேன். ஆனா இது எந்த லென்ஸுன்னு மட்டும் சொல்லிடு" என்றாள். இரண்டு முறை தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். மூன்றாம் முறை, "எழுத வேண்டாம், மூடி வை" என்றேன். அந்த வருஷப் பரீட்சை முடிந்ததும் ராஜினாமாக் கடிதத்தையும் அவளுடைய டி.சி.க்கான மனுவையும் ஒரே உறையில் போட்டுக் கொடுத்தேன். "ஒரு மாசத்துல திரும்பி வருவீங்க" என்று புன்னகைத்தார் பிரின்சிபால். அந்தப் புன்னகையை நான் மறக்கவில்லை. மறக்கவும் மாட்டேன்.

வீட்டில் மட்டும் பூமாலையா போட்டார்கள்? என் வீட்டுக்காரரின் குடும்பம் தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து தி. நகரில் ஜவுளிக்கடை வைத்தவர்கள். நாத்தனார் செய்தி கேட்டதும் கடையிலிருந்து நேராக ஆட்டோ பிடித்து வந்துவிட்டாள். "என்ன மதினி இது கூத்தா இருக்கு? நீங்களே டீச்சரு, உங்க பிள்ளையே பள்ளிக்கூடம் போகலைன்னா நாலு பேரு சிரிக்க மாட்டாவளா? நாளைக்கு மாப்பிள்ளை வீட்ல கேட்டா எந்த ஸ்கூலுன்னு சொல்லுவீய?" என்றாள். பதினான்கு வயதுப் பெண்ணுக்கு மாப்பிள்ளை வீடு! "எங்க வீடுன்னு சொல்லுவேன்" என்றேன். அவள் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனாள். வீட்டுக்காரர் சண்டை போடவில்லை. ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார்: "ஒரு வருஷம். பத்தாவது பரீட்சையில சயின்ஸ் பிராக்டிகலும் சேர்த்து அவ பாஸ் பண்ணணும். பண்ணலைன்னா நீ அதே ஸ்கூலுக்குப் போய் அந்த அம்மா முன்னாடி நின்னு கேட்டு இவளைச் சேர்க்கணும்." சரி என்றேன். அந்த அறையில் மறுபடி தரையைப் பார்த்தபடி நிற்கிற காட்சி அடுத்த ஒரு வருஷமும் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

அப்புறம்தான் பாடத்திட்டம் தேடுகிற வேலை. சாப்பாட்டு மேஜையில் சாப்பிட இடமில்லாமல் புத்தகங்கள் குவிந்தன. வெளிநாட்டு வாரியத்தின் புத்தகம் வழவழவென்று, படம் படமாக, பார்த்தாலே படிக்கத் தோன்றும்படி இருந்தது. தனித்தேர்வர்கள் லேப்புக்குப் போக வேண்டாம், பிராக்டிகலுக்குப் பதிலாகச் சோதனையைப் பற்றிய எழுத்துத் தேர்வு ஒன்றை எழுதினால் போதும் என்று அதில் ஒரு வசதி. வீட்டில் படிக்கிற பிள்ளைகளுக்கு அதுதான் தோது என்று எல்லோரும் சொன்னார்கள். திறந்தநிலைப் பள்ளிப் பாடம் சாணித்தாளில், மங்கிய படங்களோடு, தபாலில் ஓரம் மடங்கி வந்தது. அதில் பிராக்டிகல் பரீட்சைக்கு ஏதோ ஒரு தேர்வு மையத்துக்குப் போய், முன்பின் தெரியாத எக்ஸ்டர்னல் ஒருவர் முன்னால் கையால் செய்து காட்ட வேண்டும். லேப் இல்லாத வீட்டுப் பிள்ளைகள் வழுக்கி விழுகிற இடமே அதுதான் என்று பயமுறுத்தினார்கள். வீட்டுக்காரர் வழவழப்பான புத்தகத்தைத் தடவிப் பார்த்து, "இதையே எடுத்துடேன், உனக்கும் நிம்மதி" என்றார்.

மூன்றாவதாக ஒன்றும் இருந்தது. கொட்டிவாக்கத்தில், கடல் தெரிகிற மொட்டைமாடி உள்ள ஒரு வீட்டில், இரண்டு பிள்ளைகளை வீட்டிலேயே படிக்க வைக்கிற அம்மா ஒருவர் கப்பலில் வந்த பெட்டியைத் திறந்து காட்டினார். பஞ்சு வைத்துப் பொதிந்த கண்ணாடிக் குழாய்கள், வண்ண வண்ண உறைகள். உறைபனியில் உப்பைத் தூவிச் செய்கிற சோதனை ஒன்று. கொட்டிவாக்கத்து வெயிலில் உறைபனிக்கு எங்கே போவது? கிடைக்காத சோதனைகளுக்குக் கம்ப்யூட்டரில் படம் உண்டு என்றார். திரையில் ஒரு ஊசல் ஆடியது. மகள் அதை நிறுத்திக் கணக்குப் போட்டாள். புவியீர்ப்பு முடுக்கம் ஒன்பது புள்ளி எட்டு ஒன்று. நூல் நீளத்தை மாற்றினாள், மறுபடி ஒன்பது புள்ளி எட்டு ஒன்று. "ஆன்ட்டி, இதுல தப்பா வராதா?" என்று கேட்டாள். "வரவே வராதும்மா!" என்றார் அவர் பெருமையாக. நல்ல மனுஷி, போண்டாகூடக் கொடுத்தார். ஆனால் அந்தத் திரை எனக்குக் காலண்டர் அட்டை போட்ட நோட்டைத்தான் ஞாபகப்படுத்தியது. விலை கூடுதல், அவ்வளவுதான்.

திரும்பி வரும்போது பள்ளி கேட்டில் இறங்கினேன். லேப் அண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்து வேன் நம்பர் எழுதிக்கொண்டிருந்தார். "அண்ணே, அன்னைக்கு நான் வாயே திறக்கல" என்றேன். அவர் கையை ஆட்டினார். "வுடுங்க மேடம். பாப்பா தொறந்துச்சே, அது போதும்." புத்தகக் குழப்பத்தைச் சொன்னேன். ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டார். "எனுக்கு புக்கு தெரியாது மேடம். ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கோங்க. பரீட்சைக்கு வர்றவரு எதிர்ல கொயந்த கையால எதனா செய்யணுமா, வாணாமா? செய்யணும்னு எந்த புக்கு சொல்லுதோ அத்த எடுங்க. தப்பா வந்தா வரட்டும். செய்யாம எப்பிடி மேடம் தப்பு வரும்?"

அவ்வளவுதான். ஆறு வாரமாக நான் போட்ட கட்டங்களில் இந்தக் கேள்விக்கு ஒரு கட்டம்கூட இல்லை. சாணித்தாள் புத்தகத்தை எடுத்தேன். எல்லோரும் எதற்காக அதை வேண்டாம் என்றார்களோ, அதற்காகவே எடுத்தேன். கைக்கு எட்டுகிற சுலபமான வழியை விட்டுவிட்டு வம்பை விலைக்கு வாங்குகிறாள் என்று பேசினார்கள். ஆமாம், வாங்கினேன். என் பெண்ணுக்காகத்தான் வாங்கினேன், இதில் மற்றவர்களுக்கு என்ன?

லேப் இல்லையென்றால் என்ன? ரங்கநாதன் தெருவில் ஸ்பிரிங் தராசும் கண்ணாடிக் கிண்ணங்களும் கிடைத்தன. பாண்டி பஜாரில் பழைய மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் இரண்டு லென்ஸைச் சும்மாவே கொடுத்தார். வாசல் திரையில் தொங்கிய மரமணி ஊசல் குண்டாயிற்று. ஞாயிற்றுக்கிழமைகளில் லேப் அண்ணன் வந்து, நூலை எப்படிக் கட்டினால் நழுவாது, ஸ்கேலை எங்கே வைத்தால் கண் ஏமாறாது என்று பார்த்துக் கொடுத்துவிட்டு, ஒரு காப்பி குடித்துப் போவார். பாடம் நடத்த மாட்டார். மகள் ஊசலை ஜன்னல் கம்பியில் கட்டி ஆட்டினாள். ஒன்பது புள்ளி இரண்டு வந்தது. அடுத்த நாள் ஒன்பது புள்ளி ஐந்து. அதற்கடுத்த நாள் மறுபடி ஒன்பது புள்ளி இரண்டு. எல்லாவற்றையும் ரெக்கார்டில் எழுதினாள். பதினெட்டு நாள் இப்படியே போயிற்று. எனக்குத் தாங்கவில்லை. பரீட்சைக்கு இந்த ரெக்கார்டையும் கொண்டுபோக வேண்டுமே! அவள் குளிக்கப் போயிருந்தபோது ரப்பரை எடுத்துக் கடைசி அட்டவணையை அழித்துவிட்டு, பென்சிலால் நாலு நல்ல எண்களைப் போட்டு, ஒன்பது புள்ளி எட்டு என்று முடித்தேன். பழகின கை, நிமிஷத்தில் முடித்துவிட்டது.

தலை துவட்டிக்கொண்டே வந்தவள் பார்த்துவிட்டாள். "இது எந்தக் குண்டும்மா?" என்றாள்.

நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். வேலையை விட்டேன், ஊரைப் பகைத்துக்கொண்டேன், ஆனால் அந்த நோட்டை மட்டும் கையிலேயே கொண்டுவந்திருக்கிறேன். அவமானமாக இருந்தது. அவள் என் எண்களை அழித்துவிட்டுத் தன்னுடையதை ஞாபகத்திலிருந்து எழுதினாள். அப்போது மின்சாரம் நின்றது. ஆகஸ்ட் மாதப் புழுக்கம். இருவரும் வேர்த்து வழிந்தோம். சும்மா இருக்காமல் அவள் ஊசலை ஆட்டிவிட்டு எண்ணினாள். கணக்குப் போட்டாள். ஒன்பது புள்ளி ஏழு! என்னைப் பார்த்தாள், தலைக்கு மேலே பார்த்தாள். "அம்மா, ஃபேன்!" என்று கத்தினாள். லேசான மரமணியை இத்தனை நாளும் மின்விசிறிக் காற்று சுழற்றி அலைக்கழித்திருக்கிறது. அன்றைக்கு ரெக்கார்டில் அரைப் பக்கம் ஃபேனைப் பற்றி எழுதினாள். ஏழு வருஷத்தில் நான் திருத்திய எந்த ரெக்கார்டிலும் ஃபேன் என்ற வார்த்தையைப் பார்த்ததில்லை.

பிராக்டிகல் பரீட்சை ஒரு பழைய பள்ளிக் கட்டிடத்தின் முதல் மாடியில் நடந்தது. பெற்றோர்களை உள்ளே விடவில்லை. நானும் அரைநாள் விடுப்பு எடுத்து வந்திருந்த லேப் அண்ணனும் எதிர்ப்பக்க நடைபாதையில், மர நிழலில் நின்றோம். மேலே பெரிய ஜன்னல்கள் திறந்திருந்தன; பக்கத்துப் பக்கத்து அறைகளில் இரண்டு மின்விசிறிகள் கடகடவென்று ஓடுவது கீழிருந்தே தெரிந்தது. "இருபதோ முப்பதோ, அவங்க கேக்கிறதை எழுதிட்டு வந்திருடின்னு சொல்லியிருக்கணும்ணே" என்று புலம்பினேன். "சும்மா இருங்க மேடம்" என்றார். என்னை அவர் அதட்டியது அந்த ஒருமுறைதான். முக்கால் மணி நேரம் போயிருக்கும். அவர் என் முழங்கையைத் தட்டினார்.

"மேடம், மேல பாருங்க. ஃபேன் நின்னுடுச்சி."

கரண்ட் போய்விட்டதா என்று பார்த்தேன். பக்கத்து அறை மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. இந்த அறையில் மட்டும் இறக்கைகள் மெதுவாகி, ஒவ்வொன்றாகத் தெரிந்து, நின்றுவிட்டன. லேப் அண்ணன் காக்கித் துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வெயில் என்றார்.

உள்ளே நடந்ததை அவள் வெளியே வந்து கரும்புச்சாறு குடித்துக்கொண்டே சொன்னாள். முதலிலேயே அங்கிருந்த உதவியாளர் எல்லோருக்கும் ஒரே மாதிரிச் சீட்டுக் கொடுத்திருக்கிறார், எண்கள் எழுதி. இவள் அதை மேஜையில் கவிழ்த்து வைத்துவிட்டு ஊசலை ஆட்டியிருக்கிறாள். ஒன்பது புள்ளி மூன்று வந்தது, அப்படியே எழுதிவிட்டாள். எக்ஸ்டர்னல் சார் சிவப்பு மையில் வட்டம் போட்டு, "ஒன்பது புள்ளி எட்டுன்னு தெரியாதா உனக்கு?" என்றாராம். "தெரியும் சார். ஆனா இங்க வந்தது இதுதான். குண்டு லேசா இருக்கு, ஃபேன் ஓடுது." "எல்லாருக்கும் அதே ஃபேன்தானேம்மா ஓடுது?" "அவங்க யாரும் குண்டை ஆட்டவே இல்லையே சார்." ஃபெயில் போட்டுவிடுவார் என்றுதான் நினைத்தாளாம். அவர் எழுந்து சுவரோரம் போய், தானே சுவிட்சை அணைத்திருக்கிறார். வேர்க்க விறுவிறுக்க அவள் எதிரில் நின்று, இருபது அலைவுகளை அவரும் சேர்ந்து வாய்விட்டு எண்ணியிருக்கிறார். ஒன்பது புள்ளி ஏழு ஏழு. அதற்குப் பக்கத்தில், 'நேரில் பார்த்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்.

மார்க் ஒன்றும் பிரமாதமில்லை. சீட்டைப் பார்த்து எழுதிய பிள்ளைகளுக்கு அவளைவிட அதிகம் வந்தது. ஆனால் பாஸ். மறுமதிப்பீடு கேட்கலாமே என்று சிலர் சொன்னார்கள், நாங்கள் கேட்கவில்லை. வீட்டுக்காரர் ரெக்கார்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டி, "இதுல எதுக்கு இத்தனை இடத்துல ஃபேன் வருது?" என்று கேட்டார். அப்புறம் அவர் அந்த நிபந்தனையைப் பற்றிப் பேசவே இல்லை. அந்தப் புன்னகைக்கு முன்னால் நான் போய் நிற்கவும் இல்லை.

இரண்டு வருஷம் கழித்து லேப் அண்ணன் ஓய்வு பெற்றார். கடைசி நாளன்று நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். நகைக்கடைத் துணிப்பையிலிருந்து இந்த நோட்டை எடுத்து மேஜையில் வைத்தார். "இது இனிமே அங்க வாணாம் மேடம். நான் தூக்கினு வந்துட்டேன்" என்றார். அவர் போனபிறகு, மகளுக்குக் காட்டிச் சிரிக்கலாம் என்று லென்ஸ் பக்கத்தைப் பிரித்தேன். இருபது என்ற எண்ணுக்குப் பக்கத்தில், ஓரத்தில், பென்சிலில், கோணல்மாணலான எழுத்தில் இரண்டு வரி இருந்தது. 'இந்த லென்ஸ் ஒடஞ்சிட்டுது. புது லென்ஸ் வந்துகீது, அளந்து எழுதவும்.' கீழே தேதி. லென்ஸ் உடைந்த அதே வருஷம்.

அந்தப் பக்கத்தை நான் ஆறு வருஷம், வருஷத்துக்கு நான்கு முறை, பிரித்துக் கொடுத்திருக்கிறேன். உடனே அவருக்குப் போன் போட்டேன். "அண்ணே, பென்சில்ல எழுதி வச்சிருக்கீங்களே. எங்கிட்ட வாயால ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?" என்றேன். அவர் சொன்னார்: "நீங்கள்லாம் படிச்சவங்க மேடம். படிப்பீங்கன்னு நெனச்சேன்."

அவர் இப்போது திருவள்ளூர்ப் பக்கம் மகள் வீட்டில் இருக்கிறார். என் மகள் கல்லூரியில் இயற்பியல் படிக்கிறாள். அங்கேயும் ஒரு நோட்டு இருக்கிறதாம், அங்கேயும் இவளுக்குச் சண்டைதானாம். சண்டை போடட்டும். சனிக்கிழமை பாடத்திட்டம் கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் இந்த நோட்டைப் பிரித்து லென்ஸ் பக்கத்தை நீட்டுகிறேன். பெரும்பாலானவர்கள் அட்டவணையைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுத் திருப்பித் தருகிறார்கள். இரண்டொருவர் மட்டும், "ஓரத்துல பென்சில்ல என்னமோ இருக்கே" என்கிறார்கள். அவர்களுக்குத்தான் நான் காப்பி போடுகிறேன்.

பள்ளிக்கூடத்திலிருந்து யாராவது வந்து நோட்டைக் கேட்டால் தரமாட்டேன். முதலில் அந்த லென்ஸை எடுத்துக்கொண்டு வாருங்கள், இந்த ஜன்னலில் வைத்து என் முன்னால் அளந்து காட்டுங்கள், அப்புறம் பேசலாம் என்பேன்.